கை கற்றது யாருடைய சொத்து?

நிறுவனம் தானாக அறிவை உண்டாக்காது, தனியாள் கற்றதுதான் விதை என்று நொனாகாவும் டகேயுச்சியும் 1995இல் எழுதினார்கள். சரி, அந்தத் தனியாள் இருளராக இருந்தால்?

வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது. மண்ணில் கிடக்கிற தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எந்தப் பொந்துன்னு சொல்லிடுவாங்க. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கிலும் அவர்கள் எடுத்துத் தந்த விஷம்தான் விஷமுறிவு மருந்தாகிறது. ஆய்வுக்கூடத்துக்குள் போனால் அது விஞ்ஞானம். இருளர் கையில் இருந்தால் வெறும் பழக்கமாம். என்னங்கய்யா நியாயம் இது?

2023இல் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பட்டம் போதாது. பாடம் நடத்தும் நாற்காலியைக் கொடு. கற்றவரை வாசலில் நிறுத்திவிட்டு, கற்றதை மட்டும் உள்ளே வாங்கிக்கொள்ளும் நிறுவனம் அறிவை உண்டாக்கவில்லை, அபகரிக்கிறது.