பிறந்தநாள் இனிப்புக்கும் ஆண்டு விழா உணவுக் கடைக்கும் தடை: எங்கள் நிலைப்பாடு

ஒகேனக்கல், ஊட்டமலைப் பகுதிப் பெற்றோர்கள் செயற்குழுவில் நீண்ட நேரம் விவாதித்து ஏற்றுக்கொண்ட அறிக்கை இது. எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், பிறந்தநாளுக்குக்கூட வகுப்பறையில் எந்தத் தின்பண்டமும் கொடுக்கக் கூடாது, ஆண்டு விழாவில் உணவுக் கடை கூடாது என்ற வாய்மொழி உத்தரவுக்குப் பிறகு மௌனமாக இருக்க முடியவில்லை.

1. விதி வேண்டும்

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 செப்டம்பரில் அறிவித்த பள்ளி உணவு ஒழுங்குமுறையைக் கொள்கையளவில் வரவேற்கிறோம். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்கிறது அது. 2024 பிப்ரவரியில் சாயம் கலந்த பஞ்சு மிட்டாயைத் தமிழக அரசு தடை செய்தபோதும் ஆதரித்தோம்.

2. பிறந்தநாள் இனிப்பு

அந்தப் பள்ளி உணவு விதி குறிவைப்பது வியாபாரத்தை. இங்கே அது பாய்ந்திருப்பது வீட்டுச் சமையல்கட்டின் மீது. நிலக்கடலையும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டைகளை எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவந்த ஒரு தாய், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். பள்ளி இருக்கும் அதே தெருவில் சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் கடைகளில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. பள்ளி விட்டதும் பிள்ளைகள் நிற்பது அங்கேதான். அங்கே டேப் பிடித்து 50 மீட்டர் அளந்தவர் யார்?

வெல்லமும் சர்க்கரைதான் என்று உறுப்பினர் ஒருவர் சொன்னார். மறுக்கவில்லை. ஆனால் தலைவர்கள் பிறந்தநாளுக்குச் சத்துணவு மையத்தில் சர்க்கரைப் பொங்கல் போடுவது அரசுதான். பிறந்தநாள், திருமண நாள் போன்ற நாட்களில் ஊரார் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் குஜராத்தின் ‘திதி போஜன்’ முறையை ஊக்குவிப்பது மத்திய அரசின் மதிய உணவுத் திட்டம்தான். 2023 முதல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தருவதும் அரசுதான். கேழ்வரகு சாப்பிடு என்று ரேஷன் கடையில் சொல்லிவிட்டு, கேழ்வரகு உருண்டை கொண்டுவந்தாலும் பள்ளி வாசலில் மறிப்பது என்ன நியாயம்? தலைவருக்குப் பொங்கல் உண்டு, இந்த ஊர்ப் பரிசல் ஓட்டியின் மகளுக்கு ஒரு கடலை உருண்டை கிடையாதா?

சாக்லேட், கேக், பாக்கெட் பண்டங்கள் வேண்டாம் என்பதில் இயன்றவரை ஒத்துழைப்போம். இனிப்பு வாங்க வசதியில்லாத பிள்ளை கூசிப்போகிறது என்ற கவலையும் உண்மையே. அதற்கு வழி, அந்தந்த மாதம் பிறந்த எல்லோருக்கும் சேர்த்து ஒரே நாள் வைப்பது. செலவு பொதுவில்.

3. ஆண்டு விழா உணவுக் கடை

பள்ளியே உணவு விற்றால் பதிவோ உரிமமோ வேண்டும் என்பதை அறிவோம். ஒரு மாலை நேரக் கடைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று உணவுப் பாதுகாப்பு அலுவலர் தெளிவுபடுத்தட்டும். ராகிப் புட்டு, சுண்டல், அவித்த கடலை, மீன் குழம்போடு களி என்று பட்டியலை மாற்றத் தயார். பள்ளிக்கு வரும் அரசு மானியம் போதுமானதாக இருந்தால் நாங்கள் ஏன் கடை போட்டு, அந்த வருவாயில் மின்விசிறி வாங்கப் போகிறோம்?

4. பிற

வாசலில் கூடையில் நெல்லிக்காய் விற்கும் பாட்டிகளை விரட்டக் கூடாது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த மாவட்டம் இது. தின்பண்டத்துக்கு முன்னால் பள்ளியின் குடிநீர்த் தொட்டியைப் பாருங்கள்.

பள்ளி நிர்வாகத்துக்கும் அதிகாரிகளுக்கும் எங்கள் கோரிக்கைகள்:

அ) முழுத் தடையை நிறுத்திவைத்து, அனுமதிக்கும் பண்டங்களின் பட்டியலைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

ஆ) 50 மீட்டர் விதியை முதலில் பாக்கெட் பண்டம் விற்கும் கடைகளிடம் நடைமுறைப்படுத்த வேண்டும்.

இ) பதில் எழுத்தில் வேண்டும். ‘மேலிடத்து உத்தரவு’ என்பது பதில் ஆகாது. அப்படி ஓர் உத்தரவு இருந்தால் அதன் எண்ணையும் தேதியையும் தாருங்கள்.