"தானாகத்தானே போனான்" என்று சொல்லலாமா?

2003 மார்ச்சில் ஈராக் மீது படையெடுத்தபோது மலேசியாவில் அதை ஆதரித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அரசாங்கமே எதிர்த்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, பிப்ரவரி 15-இல், லண்டனிலும் ரோமிலும் லட்சக்கணக்கான மக்கள் தெருவில் இறங்கிப் போர் வேண்டாம் என்றார்கள். புஷ்ஷும் டோனி பிளேரும் கேட்கவில்லை. பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள். கடைசி வரை ஒன்றும் அகப்படவில்லை.

அந்தப் போரில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றைக்கும் நம்மில் பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். "யார் போகச் சொன்னது? சம்பளத்துக்குத் தானாகத்தானே போனான்." வியட்நாம் போரில் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போன பையன்கள் நிறைய, அவர்கள் மேல் இரக்கப்படலாம். 1973-க்குப் பிறகு அமெரிக்காவில் கட்டாய இராணுவச் சேவை கிடையாது. பிரிட்டனில் அது 1960-களிலேயே முடிந்துவிட்டது. ஆகவே ஈராக் போன ஒவ்வொருவனும் சொந்த விருப்பத்தில் கையெழுத்துப் போட்டவன், அவனுக்கு என்ன மரியாதை என்பது வாதம்.

இந்தத் "தானாக" என்ற சொல்லை நாம் அவ்வளவு சுலபமாகச் சொல்லலாமா? நம் பாட்டனும் தானாகத்தான் கப்பல் ஏறினார் என்று துரைமார் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் கைநாட்டு இருக்கிறது, கங்காணி கூப்பிட்டார், வந்தார்கள். ஊரில் பஞ்சம் என்பதும், அங்கே இருந்தால் கஞ்சிக்கு வழியில்லை என்பதும் அந்தத் தாளில் எழுதப்படவில்லை. நமக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டிய பாடம் இல்லை.

கார்டன் ஜென்டில் என்ற பையனை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம், தொழிலாளர் குடும்பம், வேலை இல்லை. வேலை தேடுவோர் பதிந்துகொள்ளும் அரசு அலுவலகத்துக்குப் போன இடத்தில்தான் இராணுவத்துக்கு ஆள் சேர்ப்பவர்கள் அவனிடம் பேசியிருக்கிறார்கள். பணக்காரர் பிள்ளை படிக்கும் கல்லூரி வாசலில் அல்ல, வேலையில்லாதவன் வரிசையில் நிற்கிற வாசலில். சேர்ந்து ஓராண்டு கூட முடியவில்லை. 2004 ஜூன் 28-இல் பஸ்ராவில் சாலையோரக் குண்டு வெடித்துச் செத்தான். வயது 19.

இன்னொருவர் ஹோசே அந்தோனியோ குட்டியரெஸ். குவாத்தமாலாவில் அப்பா அம்மா இல்லாமல் தெருவில் வளர்ந்தவர். எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் நுழைந்து, பின்னர் கடற்படைத் தரைப்படையான மரீனில் சேர்ந்தார். போர் தொடங்கிய முதல் இரண்டு நாளுக்குள் செத்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஒருவர். அவர் மேல் பாய்ந்தது அமெரிக்கப் படையின் குண்டே என்று பிறகு தெரிய வந்தது. உயிரோடு இருந்தவரை அவர் அமெரிக்கக் குடிமகன் இல்லை. செத்த பிறகுதான் குடியுரிமை கொடுத்தார்கள். சிவப்பு ஐசியோடு வாழ்நாளைக் கழித்த பெரியவர்கள் உள்ள வீடுகளில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

கையெழுத்துப் போடும் நாளில் எந்த நாட்டுக்கு, எந்தப் போருக்கு என்று யாரும் அவர்களிடம் கேட்கவும் இல்லை. பிடிக்கவில்லை என்று வேலையை விட்டு வர அது ஃபேக்டரியும் இல்லை. பிரிட்டிஷ் விமானப்படை டாக்டர் மால்கம் கெண்டல்-ஸ்மித், இந்தப் போர் சட்டவிரோதம் என்று சொல்லி ஈராக் போக மறுத்தார். 2006-இல் இராணுவ நீதிமன்றம் எட்டு மாதச் சிறை விதித்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பலரை வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்து மறுபடியும் போருக்கு அனுப்பினார்கள். அப்போது எங்கே போனது அந்தத் "தானாக"?

அதற்காக, சீருடை போட்டவன் எல்லாம் வீரன், வாயைத் திறக்காதே என்று சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அபு கிரைப் சிறையில் கைதிகளை நிர்வாணமாக்கிப் படம் பிடித்ததும் சிப்பாய்கள்தான். 2005 நவம்பரில் ஹதீதா என்ற ஊரில் 24 பேரைச் சுட்டுக் கொன்றதும் சிப்பாய்கள்தான். அதில் குழந்தைகளும் உண்டு. ஒருவர் கூட அதற்காகச் சிறைக்குப் போகவில்லை. வறுமை ஒருவனைப் பட்டாளத்தில் சேர்க்கலாம், குழந்தையைச் சுட வைக்காது. ஒரு லட்சத்துக்கும் மேல் ஈராக்கியப் பொதுமக்கள் அந்த ஆண்டுகளில் மாண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த பாக்தாத் தாயிடம் போய், அந்தச் சிப்பாய் ஏழை, அவனை மதியுங்கள் என்று சொல்ல உங்களுக்கும் எனக்கும் உரிமை கிடையாது.

அப்படியானால் யாருக்குத்தான் மரியாதை? ஜோ டார்பி என்ற அமெரிக்கச் சிப்பாய்க்கு. அபு கிரைப் படங்கள் இருந்த சிடியை 2004 ஜனவரியில் இராணுவ விசாரணை அதிகாரிகளிடம் கொடுத்தவர் அவர். கொடுமை செய்தவர்கள் அவரோடு வேலை செய்தவர்கள், தெரிந்தவர்கள். "சிப்பாய்களை ஆதரியுங்கள்" என்று காரில் ஸ்டிக்கர் ஒட்டித் திரிந்த நாட்டில், இந்தச் சிப்பாயைத் துரோகி என்றார்கள். சொந்த ஊருக்குத் திரும்பிப் போய் வாழ முடியாமல் போனது.

அந்த ஸ்டிக்கர் மரியாதை எப்படிப்பட்டது என்பதையும் பாருங்கள். செத்தவர்களின் சவப்பெட்டி விமானத்தில் வந்து இறங்குவதைப் படம் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசாங்கம் தடை போட்டிருந்தது. 2009-இல்தான், குடும்பம் சம்மதித்தால் எடுக்கலாம் என்றார்கள். கை கால் இழந்து வந்தவர்களை வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையின் குடியிருப்பில் பூஞ்சை பிடித்த சுவர்களுக்கு நடுவே தங்க வைத்திருந்தது 2007-இல் பத்திரிகையில் வந்து நாறியது. போரைக் கேள்வி கேட்டால் மட்டும், சிப்பாயை அவமதிக்கிறாய் என்பார்கள்! சிப்பாயைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் மந்திரிகள் ஒளிந்துகொண்டார்கள்.

அந்தக் கேடயத்தைப் பிடுங்கியவர்களில் ஒருவர் கார்டனின் தாய் ரோஸ் ஜென்டில். மகன் வீரமரணம் அடைந்தான் என்ற ஆறுதல் வார்த்தையோடு அந்த அம்மா அடங்கிவிடவில்லை. என் பிள்ளையை எதற்கு அனுப்பினீர்கள் என்று கேட்டார். 2005 பொதுத் தேர்தலில் இராணுவத் துறை துணையமைச்சரின் தொகுதியிலேயே அவரை எதிர்த்து நின்றார். தோற்றார், ஆனால் விடவில்லை. குண்டை வெடிக்காமல் தடுக்கும் மின்னணுக் கருவி கிடங்கில் இருந்தும் கார்டனின் வண்டியில் பொருத்தப்படவில்லை என்பது மரண விசாரணையில் வெளிவந்தது. அது இருந்திருந்தால் அநேகமாக அவன் பிழைத்திருப்பான் என்று 2007-இல் விசாரணை அதிகாரி சொன்னார். அந்தப் போருக்குப் போனதே சரியா என்று ஆராய்ந்த சில்காட் அறிக்கை வர 2016 ஜூலை வரை ஆனது. சமாதான வழிகள் எல்லாம் தீர்வதற்கு முன்பே போர் தொடங்கப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. கார்டன் உயிரோடு இருந்திருந்தால் அந்த ஆண்டு அவனுக்கு 31 வயது.