சாவியும் மனுவும்

நண்பர் ஒருவர் மூன்று மாதம் கலிபோர்னியாவில் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். வெறுங்கையோடு வரவில்லை; ஒரு கட்டுரையோடு வந்திருக்கிறார். நம் வட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிய ஒரு ஞாயிறு மாலை அதைப் படித்தார். விஷயம் இதுதான். மருமகனின் எலெக்ட்ரிக் காருக்குச் சாவி இல்லை. அவர் மணிக்கட்டில் ஒரு ஸ்மார்ட் வாட்ச், அதில் ஒரு செயலி. காரை நெருங்குகிறார், பூட்டு விலகுகிறது. உட்காருகிறார், கார் புறப்படத் தயாராகிறது. இறங்கி நடக்கிறார், தானே பூட்டிக்கொள்கிறது. இதிலிருந்து நண்பர் எடுத்துக்கொண்ட முடிவு: சாவி என்ற பொருள் செத்துவிட்டது, உடலே சாவியாகிவிட்டது, மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நின்ற கடைசிக் கருவியும் மறைந்துவிட்டது, இந்த மறைவை எழுதத் தெரியாதவன் இனி நவீனக் கவிஞன் இல்லை.

கேட்டவர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு கட்சி கைதட்டியது. அடுத்த கவிதைக்குப் படிமம் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவர்கள் முகத்தில் தெரிந்தது. மற்றக் கட்சி கண் கலங்கியது. இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க நடந்த பாட்டி, நெல் அறையின் பெரிய பூட்டு, துருவின் வாசனை என்று அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். நான் அன்று பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாகியிருக்கும். எழுதுவதால் அது சண்டையாகாது என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: இரண்டு கட்சியாரும் சாவியைப் பார்க்கவில்லை. ஒருவர் மாயத்தைப் பார்த்தார், இன்னொருவர் பாட்டியைப் பார்த்தார்.

பாட்டியை முதலில் அனுப்பி வைத்துவிடுவோம். சாவி என்ற சொல்லே நம்முடையதல்ல. போர்த்துக்கீசியரிடமிருந்து அலமாரியோடும் ஜன்னலோடும் வந்தது. இலங்கைத் தமிழர் இன்றும் திறப்பு என்கிறார்கள். நமக்குத் திறவுகோல் என்று பழைய சொல் இருக்கிறது, ஆனால் வீட்டில் யாரும் அதைத் தேடுவதில்லை, சாவியைத்தான் தேடுகிறார்கள். வந்த சொல்லும் வந்த பொருளும் நம் வாழ்வில் இவ்வளவு ஒட்டிக்கொண்டது போல, இன்று வருவதும் நாளை ஒட்டிக்கொள்ளும். இரும்பு என்பதற்காக ஒன்றை மதிப்பதும், இரும்பு இல்லை என்பதற்காக ஒன்றை வியப்பதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு பக்கங்கள். பாட்டி போகட்டும்.

சாவி என்றால் என்ன? இந்தக் கேள்வியைக் கட்டுரையாளர் கேட்கவில்லை. என் பதில் எளிமையானது. கையில் இருந்தால் வேறு யாரையும் கேட்க வேண்டாம் என்ற நிலையைத் தருவது சாவி. பூட்டுச் செய்தவன் செத்துப்போகலாம், விற்ற கடை மூடிப்போகலாம், ஊரில் மின்சாரம் இல்லாமல் போகலாம். பூட்டுக்கும் சாவிக்கும் நடுவே உள்ள ஏற்பாடு அவர்கள் இருவருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. சாவியின் சாரம் இதுதான். இரும்பும் பித்தளையும் அதன் சரீரம் மட்டுமே.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மருமகனின் மணிக்கட்டுக்குப் போவோம். அங்கே ஒரு விஷயம் இல்லை, இரண்டு இருக்கின்றன. ஒன்றின் பெயரை மற்றொன்றும் போட்டுக்கொண்டிருக்கிறது.

முதல் வகை இது. வாட்ச்சுக்குள் இருக்கும் ஒரு சில்லில் ஒரு ரகசிய எண் இருக்கிறது. நீங்கள் நெருங்கும்போது கார் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு கேள்வி கேட்கிறது. ரகசியத்தை வெளியே சொல்லாமலே, அதை அறிந்தவன் மட்டும் தரக்கூடிய பதிலை வாட்ச் தருகிறது. பதில் சரிதானா என்று கார் தானே பார்த்துக்கொள்கிறது. இவ்வளவும் சில அடி தூரத்துக்குள், ப்ளூடூத் போன்ற குறுந்தூர அலையிலோ கிட்டத்தட்டத் தொடுகிற தூரத்திலோ நடந்து முடிகிறது. போன் சிக்னல் எட்டாத நிலவறைக் கார் நிறுத்தத்திலும் இது நடக்கும். 2020இல் ஆப்பிள் நிறுவனம் பி.எம்.டபிள்யூ காரோடு முதலில் கொண்டுவந்த கார் சாவி இந்த வகை. போனிலும் இருக்கும், வாட்ச்சிலும் இருக்கும். இதைச் சாவி என்று சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. சரீரம் மாறியிருக்கிறது, சாரம் மாறவில்லை. பாட்டிக் கட்சியார் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வகை வேறு. நீங்கள் வாட்ச்சின் முகத்தில் ஒரு பூட்டுப் படத்தைத் தொடுகிறீர்கள். வாட்ச் போனிடம் சொல்கிறது. போன் இணையத்தின் வழியாக எங்கோ இருக்கும் கம்பெனியின் சர்வரிடம் சொல்கிறது. சர்வர் உங்கள் கணக்கைப் பார்க்கிறது, நீங்கள் இன்னார்தான், உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று தீர்மானிக்கிறது, பிறகு அங்கிருந்து காருக்கு உத்தரவு போகிறது. உங்களுக்கும் காருக்கும் நடுவே மூன்றடி தூரம். உங்கள் விருப்பம் எத்தனையோ மைல் போய்த் திரும்பி வந்து அந்த மூன்றடியைக் கடக்கிறது. டெஸ்லா கார்களுக்கு அந்தக் கம்பெனியின் சொந்த வாட்ச் செயலி 2024 கடைசியில்தான் வந்தது. அதற்கு முன் தனிமனிதர்கள் எழுதி விற்ற வாட்ச் செயலிகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வேலை செய்தன. கார்க்காரர் தம் கணக்கின் அனுமதியைச் செயலி எழுதியவரிடம் கொடுப்பார். அவர் பேரால் செயலி போய்க் கம்பெனியிடம் கேட்கும்.

இது சாவி இல்லை. இது மனு. உடனே அனுமதிக்கப்படுவதால் மனு என்று தெரியாமல் இருக்கும் மனு. தாலுகா ஆபீஸில் மனுப் போட்டுக் காத்திருந்தவர்களுக்கு மனு என்றால் தாமதம் என்ற எண்ணம் பதிந்துபோய்விட்டது. ஒரு நொடியில் பதில் வந்தால் அது மனுவாகவே தோன்றாது. ஆனால் மனுவின் லட்சணம் தாமதம் அல்ல. மறுக்கக்கூடியவன் ஒருவன் மறுமுனையில் இருப்பதுதான் அதன் லட்சணம்.

மறுமுனை இருப்பது எப்போது தெரிகிறது? அது பதில் சொல்லாதபோது. 2021 நவம்பரில் ஒரு நாள் டெஸ்லாவின் சர்வர் சில மணி நேரம் படுத்துவிட்டது. பல நாடுகளில் கார்க்காரர்கள் தங்கள் கார்களுக்கு வெளியே, போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். முழு விலை கொடுத்து வாங்கிய கார், தம் வீட்டு வாசலில், தமக்குத் திறக்கவில்லை. கம்பெனியின் தலைவர் ஈலோன் மஸ்க் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அவர் சொன்ன காரணம் நம் போன்றவர்கள் ரசிக்கத் தக்கது: இயந்திரங்களுக்குள் நடக்கும் செய்திப் போக்குவரத்தின் சொற்பெருக்கைத் தவறுதலாக அதிகப்படுத்திவிட்டார்களாம். வளவளப்பு நம் பத்திரிகைகளைக் கொன்றதுண்டு. கார்க் கதவுகளையும் பூட்டிவைக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அதே கம்பெனி பர்ஸில் வைத்துக்கொள்ள ஓர் அட்டையும் கொடுக்கிறது. கதவுச் சட்டத்தில் அதைக் காட்டினால் திறக்கும். அந்த அட்டைக்குச் சர்வர் தேவையில்லை. அன்று அட்டையைக் கையில் வைத்திருந்தவன் வீடு போய்ச் சேர்ந்திருப்பான். அவனிடம் இருந்தது சாவி.

அடுத்து, உடலே சாவி என்ற படிமம். கைதட்டல் அதிகம் வாங்கிய வரி அதுதான். அதைச் சோதிக்கக் கவிதை அறிவு வேண்டாம், கொஞ்சம் பௌதிகம் போதும். மணிக்கட்டிலிருந்து கழற்றினால் வாட்ச் பூட்டிக்கொள்கிறது, உண்மைதான். தோலில் ஒளியைப் பாய்ச்சி, ஒரு மணிக்கட்டு அங்கே இருக்கிறது என்று அது அறிகிறது. மணிக்கட்டைத்தான் அறிகிறது, உங்களை அல்ல. காரும் உங்களை அறிவதில்லை. வாட்ச்சோ போனோ அருகே இருக்கிறது என்று ரேடியோ அலையிலிருந்து ஊகிக்கிறது. 2022இல் என்.சி.சி. குரூப் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் ஒருவர் இந்த ஊகத்தை ஏமாற்றிக் காட்டினார். காரின் பக்கத்தில் ஒரு கருவி, சொந்தக்காரரின் போன் பக்கத்தில் ஒரு கருவி. இரண்டும் நடுவில் செய்தியை அஞ்சல் செய்தன. போன் பக்கத்தில் நிற்கிறது என்று நம்பி, கார் திறந்து ஓடவும் தயாரானது. சொந்தக்காரர் எங்கோ இருந்தார். அலை போய் வரும் காலத்தையே துல்லியமாக அளந்து தூரத்தைக் கணக்கிடும் புதிய முறை இதற்கு மாற்றாக வந்துகொண்டிருக்கிறது; அது நல்லது. ஆனால் அப்போதும் கார் அளப்பது தூரத்தைத்தான். உடலின் மர்மம், ஸ்பரிசம், அத்வைதம் எல்லாம் விளம்பரக்காரன் ஏற்கெனவே எழுதிவிட்ட கவிதை. நம் நண்பர் அதைத் தமிழாக்கினார், அவ்வளவுதான்.

நான் விளையாட்டுக்காகச் சொற்சண்டை போடுவதாக நினைப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம்.

ஃபிஸ்கர் என்ற அமெரிக்க எலெக்ட்ரிக் கார் கம்பெனி 2024 ஜூனில் திவாலாயிற்று. விற்காமல் மீந்த கார்கள் மூவாயிரத்துக்கு மேல். நியூயார்க்கில் வாடகைக்குக் கார் விடும் நிறுவனம் ஒன்று அவற்றை மொத்தமாக வாங்க ஒப்பந்தம் போட்டது. பிறகுதான் ஒரு செய்தி சொன்னார்கள்: கார்களின் விவரங்களைப் பழைய கம்பெனியின் சர்வரிலிருந்து புதியவரின் சர்வருக்கு மாற்ற வழியில்லை. சக்கரமும் பாட்டரியும் இவரிடம். அவற்றைப் பற்றிய அறிவு செத்துக்கொண்டிருக்கும் ஒரு கம்பெனியிடம். பூட்டுச் செய்தவன் செத்தால் பூட்டுக்கு ஒன்றும் ஆகாது என்றேனே, அந்த வாக்கியம் இங்கே பொய்யாகிறது.

மற்றது இதைவிடக் கடுமையானது. மனுவுக்கு ஒரு கணக்கு வேண்டும். கணக்கு ஒருவர் பேரில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் பல வீடுகளில் அது கணவன் பேரில் இருக்கிறது. அடிக்கும் கணவனை விட்டுக் காரில் தப்பிப்போன மனைவி, அந்தக் காரே தன்னைக் காட்டிக்கொடுப்பதைக் கண்டாள். கார் எங்கே நிற்கிறது என்று அவனுடைய செயலி சொன்னது. இப்படிப்பட்ட பெண்கள் கம்பெனிகளிடம் முறையிட்டபோது, கணக்கு அவர் பேரில் இருக்கிறது என்ற பதில் கிடைத்தது. விவகாரம் பத்திரிகைகளில் வெளியாகி, கடைசியில் 2024இல் கலிபோர்னியா ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது: வன்முறைக்கு ஆளானவர் கேட்டால், கார்க் கம்பெனி மற்றவரின் தூர அனுமதியைத் துண்டிக்க வேண்டும். ஒரு கம்பெனியின் கருணையில் இருந்ததைச் சட்டத்தின் கையில் பிடுங்கிக்கொடுத்திருக்கிறார்கள். இரும்புச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவளுக்கு இந்தச் சட்டம் தேவைப்பட்டிருக்காது. அவள் கையில் இருந்தது அவள் கையில்தான் இருந்தது.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். சாவி தொலைந்தால் பூட்டையே மாற்ற வேண்டும். இதில் தொலைந்த வாட்ச்சின் உரிமையை ஒரு நிமிஷத்தில் ரத்து செய்யலாம். மகனுக்கு ஒரு சாவி, டிரைவருக்கு ஒரு சாவி, வேலை முடிந்ததும் திரும்பப் பெறலாம். வாஸ்தவம். ரத்து செய்யும் சக்தி பெரிய வசதி. அது யார் கையில் என்பதுதான் கேள்வி. என் கையில் இருந்தால் எனக்கு வசதி. கம்பெனியின் கையிலும் இருந்தால், நான் காரின் சொந்தக்காரன் என்பது இரண்டு பேர் சம்மதத்தில் நிற்கும் ஒரு வாக்கியம். இந்த வித்தியாசம் வாட்ச்சின் முகத்தில் தெரிவதில்லை. இரண்டுக்கும் அதே பூட்டுப் படம், அதே மெல்லிய அதிர்வு, அதே பெயர்: டிஜிட்டல் சாவி.

நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நம்மில் பலரிடம் காரே இல்லை. ஆனால் போனால் திறக்கும் மின் ஸ்கூட்டர்கள் நம் தெருக்களிலும் ஓட ஆரம்பித்துவிட்டன. அதுவும் இல்லாவிட்டாலும், சொல் நம் வேலை. மனுவுக்குச் சாவி என்று பெயர் வைக்கும்போது ஒரு சொல் திருடப்படுகிறது. எஞ்சினியர் அதைக் கவனிக்க வேண்டியதில்லை. அவருக்கு இரண்டின் வித்தியாசமும் தெரியும். விற்பவர் கவனிக்கமாட்டார், அவருக்கு அது லாபம். கவனிக்க வேண்டியவன் எழுதுகிறவன். அவன் அந்த இடத்தில் மெய்சிலிர்த்துக்கொண்டு நின்றால், நவீனம் என்று அவன் சொல்வது பொருட்காட்சியில் வாய்பிளந்து நிற்பதைத்தான். புதிய பொருள்களின் பெயர்களைக் கவிதையில் போடுவதல்ல நவீனம். அந்தப் பொருள் யாருக்கு யாரைக் கட்டிப்போடுகிறது என்று பார்க்கும் கண் அது. கருவி மறைந்துவிட்டது என்கிறார் நண்பர். கருவி அங்கேயேதான் இருக்கிறது; மறுமுனையில் உட்கார்ந்திருப்பவன்தான் பார்வையிலிருந்து மறைந்திருக்கிறான்.

கட்டுரையை நம் பத்திரிகைக்கே தரப்போவதாக நண்பர் சொன்னார். தரட்டும். ஆனால் அதற்கு முன் கலிபோர்னியாவுக்கு ஒரு போன் போடட்டும். மருமகனிடம், போனை வீட்டில் வைத்துவிட்டு வாட்ச்சை மட்டும் கட்டிக்கொண்டு, சிக்னல் எட்டாத நிலவறையில் நிறுத்திய காரிடம் ஒரு தரம் போய்ப் பார்க்கச் சொல்லட்டும். திறந்தால் அது சாவி. கட்டுரையில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். பிறகு போனை மகளிடம் கொடுக்கச் சொல்லி, அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: அம்மா, அந்தக் கணக்கு யார் பேரில் இருக்கிறது?

பதினொரு பக்கக் கட்டுரையில் மகள் அந்தக் காரை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. அன்று மாலை எங்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.