பட்டம் கையில் இருக்கிறது, நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு எங்கே?

மலாக்கா தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டி காலத்தில், படித்த பிள்ளை கிராணி ஆகலாம் என்பதே பெரிய ஆசை. 1970-களில் பத்து பெரண்டாமில் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். பிறகு புக்கிட் பெருவாங்கில் எம்.எம்.யு., 2000-இல் டுரியான் துங்கலில் இன்று யுடெம் எனப்படும் பல்கலைக்கழகம் என்று உயர்கல்வி நம் வாசலுக்கே வந்தது. 1997-இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். கடனை வாங்கியும், சேமநிதியில் கைவைத்தும், நகையை அடகு வைத்தும் பெற்றோர் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

அதன் பிறகு நடப்பது என்ன? ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் நம் வீடுகளைப் பாருங்கள். பட்டதாரி மகன் கிராப் ஓட்டுகிறான். பட்டதாரி மகள் பேரங்காடியில் கல்லாப்பெட்டி முன் நிற்கிறாள். பி.டி.பி.டி.என். கடிதம் மட்டும் தவறாமல் வருகிறது. "டிகிரி முடிச்சும் இன்னும் வேலை கிடைக்கலயா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது தலைகுனிவது அந்தப் பிள்ளைதான்.

தலைகுனிய வேண்டியது அந்தப் பிள்ளை அல்ல. 2023-ஆம் ஆண்டு புள்ளிவிவரத் துறைக் கணக்கின்படி, நாட்டில் உயர்கல்வி முடித்து வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தம் படிப்புக்குக் குறைந்த வேலையில்தான் இருக்கிறார்கள். இது எல்லா இனத்துக்கும் உள்ள துன்பம். ஆனால் நம் பிள்ளைகளுக்கு இதற்கு மேலும் இரண்டு கதவுகள் அடைபடுகின்றன.

முதல் கதவு அரசாங்க வேலை. 2009-ஆம் ஆண்டு இறுதியில் அரசாங்க ஊழியர்களில் இந்தியர்கள் சுமார் 4 விழுக்காடு. அப்போது மக்கள் தொகையில் நாம் சுமார் 7 விழுக்காடு. "இந்தியர்கள் விண்ணப்பிப்பதில்லை" என்று பதில் சொல்கிறார்கள். அப்படியானால் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டார்கள், எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள் என்று ஆண்டுதோறும் இனவாரியாக வெளியிடட்டுமே!

இரண்டாவது கதவு தனியார் துறை. லீ ஹ்வோக் ஆவுன், முகமட் அப்துல் காலிட் என்ற இரு ஆய்வாளர்கள், உண்மையான வேலை விளம்பரங்களுக்குக் கற்பனைப் பட்டதாரிகளின் பெயரில் விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தார்கள். 2016-இல் வெளியான அந்த ஆய்வில் சீனப் பெயர்களுக்கு 22.1 விழுக்காடு அழைப்பு வந்தது. மலாய்ப் பெயர்களுக்கு வந்தது 4.1 விழுக்காடு மட்டுமே. இந்தியப் பெயர் அந்தச் சோதனையில் சேர்க்கப்படவே இல்லை! 2019-இல் செண்ட்-ஜிபிஎஸ் ஆய்வுக் குழு மூன்று இனப் பெயர்களிலும் விண்ணப்பம் அனுப்பியது. இந்தியப் பெயர்களுக்கும் மலாய்ப் பெயர்களுக்கும் சீனப் பெயர்களைவிட மிகக் குறைவான அழைப்புகளே வந்தன. ஏழை மலாய்ப் பட்டதாரியும் இந்தக் கதவில் மோதிக்கொண்டுதான் நிற்கிறான் என்பதை நாம் மறக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 8(2) பிரிவு அரசாங்க நியமனங்களில் இனப் பாகுபாடு கூடாது என்கிறது. 153-ஆவது பிரிவின் ஒதுக்கீடு அதற்கு விலக்கு. தனியார் முதலாளியை 8-ஆவது பிரிவு கட்டுப்படுத்துவதில்லை. 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தில் 69F என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பாகுபாடு பற்றிய புகாரைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம். ஆனால் அது முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலான தகராறுக்கு மட்டுமே. வேலையில் சேர்ந்தவனுக்குப் பாதுகாப்பு உண்டு. பெயரைப் பார்த்தே ஒதுக்கப்பட்டவன் ஊழியனே ஆகவில்லை, அதனால் புகார் செய்ய வழியில்லை. நம் பிள்ளைகள் அடிபடுவது சரியாக இந்த இடத்தில்தான்.

பக்கத்து சிங்கப்பூரைப் பாருங்கள். 2025 ஜனவரியில் அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், ஆள் எடுக்கும் கட்டத்திலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கிறது. சிறு நிறுவனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனாலும் அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

ஆகவே நம் கோரிக்கைகள் இரண்டு. 69F பிரிவு வேலை தேடுவோருக்கும் விரிவாக்கப்பட வேண்டும். அரசாங்க வேலை விண்ணப்பக் கணக்கு வெளியிடப்பட வேண்டும். தேர்தல் காலத்தில் அரிசி மூட்டையோடு வரும் ஒய்.பி.க்களிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

பெற்றோர்களே, நாம் செய்ய வேண்டியதும் உண்டு. கல்லூரியில் பணம் கட்டுமுன் அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். பொதுச் சேவை ஆணையத்தில் பிள்ளையின் பதிவு காலாவதியாகாமல் புதுப்பிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பித்த வேலை, தேதி, வந்த பதில் எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வேலைக்குத் தேவையே இல்லாமல் மாண்டரின் கேட்கும் விளம்பரங்களையும் சேர்த்து வையுங்கள். ஒரு வீட்டின் நோட்டுப் புத்தகம் வெறும் புலம்பலாகத் தெரியலாம். நூறு வீடுகளின் நோட்டுப் புத்தகங்களை மேசையில் வைத்தால் எந்த அமைச்சரும் அதைப் புலம்பல் என்று தள்ள முடியாது.

கடன்பட்டுப் படிக்க வைத்தோம். கேள்வி கேட்கவும் துணிவோம்!