சட்டிக்கா, தலைக்கா?

தேங்காய் எண்ணெய் சாப்பிடும் பொருளா? தலையில் தடவும் பொருளா?

இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2018-ம் ஆண்டில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புக் கூறினார்கள். பிறகு மூன்று நீதிபதிகள் விசாரித்து, 2024-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி முடிவு சொன்னார்கள்.

தகராறுக்குக் காரணம் வரி. அப்போது சமையல் எண்ணெய்க்கு வரி 5 சதவீதம். கூந்தல் எண்ணெய்க்கு 18 சதவீதம். சிறு பாட்டிலில் வருவதெல்லாம் கூந்தல் எண்ணெய்தான் என்றனர் வரி அதிகாரிகள். பாட்டில் சிறியது என்பதற்காக மட்டும் அப்படிச் சொல்ல முடியாது என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்பு. ஏழை வீட்டில் சமையல் எண்ணெயையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே வாங்குகிறார்கள்!

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் கூந்தல் எண்ணெய்க்கும் வரி 5 சதவீதம் ஆயிற்று. வரிச் சண்டை ஓய்ந்தது. வீட்டுக் குழப்பம் ஓயவில்லை.

சுத்தமான தேங்காய் எண்ணெய் இரண்டு வேலையும் செய்யும். கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதில்தான் சமைக்கிறார்கள். தலையில் தடவினால் முடிக்கு உள்ளேயும் இறங்குகிறது. தலை அலசும்போது முடியின் சத்து வீணாவதைக் குறைக்கிறது.

ஆனால் கூந்தல் எண்ணெய் என்று விற்பது எல்லாம் சுத்தமான தேங்காய் எண்ணெய் அல்ல. சிலவற்றில் வாசனைச் சரக்கு சேர்க்கிறார்கள். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் 'மினரல் ஆயில்' கலப்பதும் உண்டு. அது தலைக்கு ஆகும், தாளிக்க ஆகாது. தேங்காய்ப் படத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

தாய்மார்கள் வாங்கும்போதே பாட்டிலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சமையல் எண்ணெய் என்றால் உணவுத்துறை உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கும். அது இல்லாத எண்ணெயைச் சமையலறைக்குள் விடக் கூடாது.

விவரங்களைப் படிக்கலாம் என்றால், பல பாட்டில்களில் ஆங்கிலம்தான் இருக்கிறது. ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட்டால் போதும் என்கிறது உணவுச் சட்ட விதி. எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கும் பாட்டி என்ன செய்வாள்?

தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு எண்ணெய் பாட்டிலிலும் 'சமையலுக்கு' அல்லது 'தலைக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில், தமிழில் அச்சிட வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது. கம்பெனிகள் தாமாகவே செய்யலாம். செய்யாவிட்டால் சர்க்கார் செய்ய வைக்க வேண்டும்.

வரிக்காக இத்தனை ஆண்டு வாதாடியாயிற்று. சாப்பிடுகிறவர்களுக்காக இரண்டு தமிழ்ச் சொல் அச்சிடக் கூடாதா?