சுருதி சுத்தம், பிறகு?

இன்றைய தமிழ் மேடைகளில் சுருதி விலகிப் பாடுகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். திருகோணமலை நகரின் இசைக்குழு நிகழ்ச்சிகளானாலும் சரி, இறக்கக்கண்டி, குச்சவெளி வரை வீட்டுத் திரைகளில் ஓடும் சென்னைத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளானாலும் சரி, இளம் பாடகர்களின் தேர்ச்சி வியக்க வைக்கிறது. மேல் ஸ்தாயியில் குரல் கிழிவதில்லை, பிருகா உதிர்கிறது, தாளம் மயிரிழை பிசகுவதில்லை. மேற்கே ஜாஸ் கலந்த பொப் பாடும் பிரபலங்களிடமும் இதே தேர்ச்சிதான்: பெரிய வாத்தியக் குழு, பழைய அமெரிக்கப் பாட்டுகள், வழுவழுப்பான குரல். கேட்கிறோம், கைதட்டுகிறோம், அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். ஏன் மனம் அசையவில்லை என்று கேட்டால், "உணர்ச்சி இல்லை" என்ற பதில்தான் முதலில் வரும். அது எதையும் விளக்குவதில்லை. இந்தப் பாடகர்கள் கண்ணை மூடுகிறார்கள், நெஞ்சில் கை வைக்கிறார்கள், சிலர் மேடையிலேயே அழுதும் விடுகிறார்கள். உணர்ச்சியின் அடையாளங்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை.

குறை, தீர்மானம் இல்லாமையில் இருக்கிறது என்பது என் வாதம். ஒரு சொல்லை நீட்டுவதா நறுக்குவதா, தாளத்தோடு போவதா சற்றுப் பின்தங்குவதா, மூச்சை எங்கே விடுவது என்று ஒவ்வொரு வரியிலும் பாடகர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவுக்குக் காரணம் பாட்டின் பொருளில் இருக்கும். பிராங்க் சினாட்ராவின் நீண்ட மூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். டோமி டோர்சியின் குழுவில் பாடிய காலத்தில், டோர்சி டிராம்போன் வாசிக்கையில் மூச்சு வாங்குவதே தெரியாமல் இசை தொடர்வதைக் கவனித்து அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார் சினாட்ரா. வித்தைக்காகவே கற்ற வித்தையல்ல அது. ஒரு வாக்கியம் நடுவில் உடையாமல், பேசுகிற மனிதரின் வாக்கியமாகவே முடிய வேண்டும் என்ற தேவை அவருக்கு இருந்தது. அவருக்குப் பின் வந்த வழுவழுப்பான குரல்காரர்கள் பலரிடம் அந்த மூச்சு இருக்கிறது, அந்தத் தேவையைக் காணோம். எங்கே நிறுத்தினார், எங்கே இழுத்தார் என்பதைத் துல்லியமாகப் படியெடுத்திருக்கிறார்கள். அச்சடித்த கையெழுத்தைப் போல வளைவும் சுழியும் சரியாகவே விழுகின்றன, கையெழுத்திட்டவர்தான் அங்கே இல்லை.

நம் திரைப்பாட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். டி. எம். சௌந்தரராஜன் சிவாஜிக்கு ஒரு குரலிலும் எம்.ஜி.ஆருக்கு வேறொரு குரலிலும் பாடினார் என்பது ஊரறிந்தது. எஸ். ஜானகி குழந்தையாகவும் கிழவியாகவும் குரலை மாற்றியதும், எஸ். பி. பாலசுப்ரமணியம் பாட்டுக்கு நடுவே சிரித்ததும் அப்படியே. குரல் வித்தை என்று சொல்லி இவற்றைக் கடந்துவிடக் கூடாது. பாடப்போகிறவர் யார், யாரிடம் பாடுகிறார், என்ன நிலைமையில் என்ற மூன்று விஷயமும் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகருக்குத் தெரிந்திருந்தன. ஒரு சங்கதி அந்த மூன்றுக்கும் பதிலாகப் பிறந்தது. இப்போது அதே பாட்டு போட்டி மேடைக்கு வருகிறது. கதாபாத்திரம் இல்லை, காட்சி இல்லை, எதிரே இருப்பவர் காதலியோ தாயோ அல்லர், மூன்று நடுவர்கள். எஞ்சியிருப்பது சங்கதி மட்டும். அன்றைக்கு ஒரு கேள்விக்குப் பதிலாக இருந்தது, இன்றைக்குக் கேள்வியே இல்லாத பதிலாக, ஆனால் ஒரு பிழையும் இல்லாமல், நம் காதில் விழுகிறது. வியப்பு வரும், நெகிழ்ச்சி வராது.

தீர்மானம்தான் பாட்டைத் தொடவைக்கிறது என்றால், குறைந்த குரல்வளம் உள்ளவரும் நம்மை உலுக்க முடிய வேண்டும். முடிந்திருக்கிறது. பில்லி ஹாலிடேக்கு முறையான இசைப்பயிற்சி கிடையாது. குரலின் வீச்சும் ஒரு ஸ்தாயிக்குச் சற்று மேல்தான். ஆனால் சொல்லைத் தாளத்துக்குப் பின்னே எவ்வளவு தள்ளி வைப்பது என்பதில் அவருக்கு இருந்த நிதானம் ஜாஸ் பாட்டின் போக்கையே மாற்றியது. 1958 இல் 'லேடி இன் சாட்டின்' வெளிவந்தபோது அந்தக் குரல் தேய்ந்து கரகரத்துப் போயிருந்தது. அடுத்த ஆண்டு, 44 வயதில் அவர் இறந்தார். அந்த இசைத்தட்டைக் கேட்க முடியவில்லை என்பவர்கள் உண்டு, அதை மட்டுமே கேட்பவர்களும் உண்டு. அலட்சியமாகக் கடந்துபோனவர்கள் குறைவு. நம் பக்கம் நாகூர் ஈ. எம். ஹனிபா இருக்கிறார். இறக்கக்கண்டி போன்ற கரையோர ஊர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2015 இல் அவர் மறைந்த பிறகும் நோன்புக் காலத்தில் இலங்கையின் தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகளில் அந்தக் குரல் ஒலிக்கிறது. அவரும் முறைப்படி சங்கீதம் கற்றவரல்லர். குரலில் நளினத்தைவிட வெண்கலம் அதிகம். ஆனால் தூரத்தில் நிற்பவரைக் கூப்பிடுகிறோம் என்பதில் அவருக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை. கேட்கிறவருக்கும் அப்படியே: நம்மைத்தான் கூப்பிடுகிறார் என்று தெரிகிறது.

யாரிடம் பாடுகிறோம் என்பதற்கு இந்தக் கடற்கரை ஒரு பழைய சான்றை வைத்திருக்கிறது. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டில் ஒருவர் முன்னே எடுத்துக் கொடுப்பார், கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வலை கனத்தால் அடி மெதுவாகும், கனம் குறைந்தால் வேகம் பிடிக்கும். இழுப்பவர்கள் களைத்தால், எடுத்துக் கொடுப்பவர் ஒரு கிண்டலையோ ஊர்க்கதையையோ இடையில் செருகுவார். அங்கே ஒவ்வொரு திருப்பத்துக்கும் கண்முன்னே காரணம் இருக்கிறது. அந்தப் பாட்டைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, நல்ல குரலில், சீரான தாளத்தில் பதிவுசெய்தால் கேட்க அழகாக இருக்கலாம். ஆனால் கயிறு இல்லாத அம்பாவில் எந்த இடத்தில் எதற்காக வேகம் கூட வேண்டும் என்பதைத் தீர்மானிக்க எதுவும் இல்லை. நாட்டார் பாட்டுகளை மேடைக்கேற்றியவர்கள் பலர் இடறியது இந்த இடத்தில்தான்.

இதற்குப் பாடகர்களைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. 2006 இல் விஜய் தொலைக்காட்சியில் சூப்பர் சிங்கர் தொடங்கியதிலிருந்து போட்டி மேடை தனக்கென ஓர் இலக்கணத்தை வளர்த்துக்கொண்டது. பாட்டை வெட்டிச் சுருக்க வேண்டும், கடினமான இடம் கட்டாயம் இருக்க வேண்டும், முடிவில் நடுவர் நாற்காலியை விட்டு எழ வேண்டும். சறுக்கினால் புள்ளி போகும். தவறாகப் போகக்கூடிய முடிவை எடுக்காமலிருப்பதே அங்கே புத்திசாலித்தனம். 2023 இல் ஜீ தமிழின் சரிகமப சிறுவர் போட்டியில் யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருவர் முதலிடம் பெற்றபோது இந்தத் தீவின் தமிழர்கள் பொங்கி மகிழ்ந்தார்கள். மகிழ வேண்டியதுதான். ஆனால் அந்த வெற்றியைப் பார்த்துப் பயிற்சி எடுக்கும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் பாடம் எது என்பதையும் யோசிக்க வேண்டும். இதற்கு மேல் கணினி வேறு. எண்ணெய் தேடும் நில அதிர்வுத் தரவுகளை ஆராய்ந்துவந்த ஆண்டி ஹில்டெபிராண்ட் 1997 இல் ஆட்டோ-டியூனை வெளியிட்டார். விலகிய சுரத்தை அது அருகிலுள்ள சரியான சுரத்துக்கு இழுத்து நிறுத்தும். நம் பாட்டின் உயிர் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் பாதையில் இருக்கிறது. கருவியைக் கவனமில்லாமல் திருப்பிவிட்டால் முதலில் சாவது அந்தப் பாதைதான். ஷேர் 1998 இல் 'பிலீவ்' பாட்டில் அதே கருவியைப் பகிரங்கமாக, குரலே உடைந்து தெறிக்கும்படி பயன்படுத்தியது வேறு கதை. அது ஒரு தீர்மானம்.

தேர்ச்சியை இழிவுபடுத்தி, கரகரப்பைக் கொண்டாடுகிறாய் என்று ஒருவர் என்னை மறிக்கலாம். இல்லை. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டைவிடத் தேர்ந்த குரல் ஜாஸில் அரிது. 1960 இல் பெர்லின் மேடையில் 'மேக் த நைஃப்' பாடிக்கொண்டிருந்தவருக்குப் பாதியில் வரிகள் மறந்துபோயின. அவர் நிறுத்தவில்லை. மறந்ததையே விஷயமாக்கி, புதிய சொற்களை அந்தக் கணத்தில் இட்டுக்கட்டித் தாளத்துக்குள் உட்கார வைத்தார். அந்தப் பதிவுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. அத்தனை தேர்ச்சி இல்லாதவர் அந்த இடத்தில் விழுந்திருப்பார். தேர்ச்சி வேண்டும், எதையாவது தீர்மானிப்பதற்காக வேண்டும். கரகரப்பும் இன்று படியெடுக்கப்படுகிறது. காற்றுக் கலந்த மெல்லிய குரலில், சொற்களை மென்று விழுங்கிப் பாடும் பாணி உலகம் முழுக்கப் பரவி, அதுவும் மற்றொரு வழுவழுப்பாகிவிட்டது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. படியெடுப்பதே குளிர வைக்கிறது என்றால் லாம்பெர்ட், ஹென்டிரிக்ஸ், ராஸ் குழுவினரை என்ன செய்வது? ஜாஸ் வாத்தியக்காரர்கள் இசைத்தட்டில் வாசித்த தனி வாசிப்புகளை ஒரு சுரமும் விடாமல் குரலில் பாடியவர்கள் அவர்கள். 1962 இல் ஆனி ராஸ் விலகியபோது அந்த இடத்துக்கு வந்தவர் இலங்கையில் பிறந்த யோலண்ட் பவன். நம் நாட்டில் இதை நினைவில் வைத்திருப்பவர்கள் சொற்பம் என்பது வருத்தம்தான். அவர்கள் பாடியதைக் கேட்டால் உடம்பு துள்ளும். காரணம், சுரத்தைப் படியெடுத்தார்களே ஒழிய, ஒவ்வொரு சுரத்துக்கும் புதிதாகச் சொல் கொடுத்தார்கள். சாக்ஸபோன் பேசாத கதையை அந்தச் சொற்கள் பேசின. பழைய முடிவுக்குள் புது முடிவுகள் ஆயிரம். ஆகவே பிறர் பாட்டைப் பாடுவதில் தவறில்லை. எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஹாலிடேயும் லூயி ஆம்ஸ்ட்ராங்கையும் பெஸ்ஸி ஸ்மித்தையும் இசைத்தட்டில் கேட்டு வளர்ந்தவர்தான்.

இந்த மாவட்டமே இதைச் செய்துகாட்டியிருக்கிறது. திருகோணமலையின் எம். பி. பரமேஸ், சகோதரர் கோணேஸுடன் இசைக்குழு நடத்தியதோடு நில்லாமல், சொந்த மெட்டில் தமிழ்ப் பாட்டுகளை இசைத்தட்டாக்கினார். அதே காலத்தை ஒட்டி ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பைலாத் தாளத்தையும் பொப் இசையையும் நம் பேச்சு வழக்கோடு கலந்து பாடினார்கள். இன்றைய போட்டியின் முதல் சுற்றை இவர்கள் தாண்டியிருப்பார்களா என்பது சந்தேகம். ஆனால் 'சுராங்கனி'யும் 'சின்ன மாமியே'யும் அரை நூற்றாண்டாக ஓயவில்லை. அவற்றைப் பாடியவர்களுக்கு, அந்தப் பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட முன்னால் வேறு பதிவு இருக்கவில்லை. எல்லாவற்றையும் தாமே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. நம் வானொலிகளும் கலைவிழாக்களும் போட்டியில் ஒரு சுற்றையாவது மூலப் பதிவே இல்லாத பாட்டுக்கு ஒதுக்கினால், நடுவர்களுக்குக் கொஞ்சம் சிரமம் வரும். ஒப்பிட ஒன்றும் இருக்காது.

குளிர்ந்த பாட்டுக்கு ஒரு சந்தை இருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. நிலாவெளி விடுதியில் இரவுணவு வேளைக்குப் பாட ஒருவரை அமர்த்துபவர், விருந்தினர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று விரும்பமாட்டார். பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாத, இதமான, யாரையும் கூப்பிடாத குரல் அவருக்குத் தேவை. அதற்கு நியாயமான கூலியும் கொடுப்பார். அந்த வேலையைத் திறமையாகச் செய்கிறவரை அந்த வேலையின் அளவுகோலால் அளப்பதுதான் முறை. அதே அளவுகோலைப் போட்டி நடுவர்களும் கையில் எடுத்துக்கொண்டதுதான் சிக்கல்.