நாய்க்கும் ஒரு வாடகை வீடு

நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் மாலை வேளையில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். வீட்டைச் சுற்றித் தோட்டம், தோட்டத்தில் பலாவும் முருங்கையும், வாசலில் ஒரு நாய்: இப்படிப்பட்ட வீடுகளைக் காணலாம். நாய் வளர்க்க இதைவிட ஏற்ற இடம் ஏது? ஆனால் அந்த வீடு யாருடையது? 1956-இல் தோன்றிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்துடையது. வேலை முடிந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நாயின் ஆயுள் சுமார் 10 முதல் 13 ஆண்டு. அப்பா ஓய்வு பெற எட்டு ஆண்டு இருக்கையில் நீங்கள் குட்டி வாங்கினால், சாவியை ஒப்படைக்கும் நாளில் அது முதுமையின் வாசலில் நிற்கும். குடும்பம் சென்னைக்குப் போய் அடுக்குமாடியில் வீடு தேடும். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "நாய் உண்டா? அப்படியானால் வேண்டாம்" என்பார். பிறகு? சிலர் உறவினரிடம் விடுகிறார்கள். சிலர் நாயைத் தெருவில் விட்டுவிட்டு லாரி ஏறிவிடுகிறார்கள். ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் உருவான 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பட்டினியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. இதை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

அதற்காக வீட்டுக்காரரை மட்டும் திட்டுவது நியாயமல்ல. அவருடைய குறையிலும் பௌதிகம் இருக்கிறது. திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. அதனால்தான் நெய்வேலியில் அடுத்த வீட்டு நாயின் குரைப்பு உங்கள் தூக்கத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. அடுக்குமாடியின் மாடிப்படியிலோ ஒலி அப்படிப் பரவிப் போக வழியில்லை. சிமென்ட் சுவர்கள் அதை மீண்டும் மீண்டும் எதிரொலித்துத் தருகின்றன. போதாக்குறைக்கு, மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால் நாயின் காது 45,000 வரை கேட்கும். நமக்கு எட்டாத ஓசைகளுக்கெல்லாம் அது பதில் சொல்லிக்கொண்டிருக்கும்!

சட்டம் என்ன சொல்கிறது? அடுக்குமாடிச் சங்கங்கள் வளர்ப்பு விலங்குகளுக்குத் தடை போடக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் சுற்றறிக்கை விட்டது. நல்லதுதான். ஆனால் அது சங்கத்துக்குச் சொன்னது. தன் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்பதை வீட்டுக்காரர்தான் முடிவு செய்கிறார். பிரான்சில் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியில் போயிற்று. வளர்ப்பு விலங்கு கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதினாலும் அது செல்லாது. ஆனால் விலங்கு சேதமோ தொல்லையோ செய்யக் கூடாது. தாக்கும் வகை நாய்களுக்குப் பின்னர் விலக்கும் வைத்தார்கள்.

நமக்கும் இந்த முறையே தக்கது என்பது என் கருத்து. நாய் என்றதுமே மறுப்பதை விட்டு, "தடுப்பூசி போட்டதா? தனியே இருக்கப் பழகியதா?" என்று வீட்டுக்காரர் கேட்கட்டும். கதவைக் கீறினால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளட்டும். அந்தக் கேள்விகளுக்கு விடை வைத்திருப்பது நாய் வளர்ப்பவரின் பொறுப்பு. சென்னை மாநகராட்சியில் நாய் வளர்க்க உரிமம் வேண்டும். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். அந்தச் சான்றை ஆண்டுதோறும் பத்திரப்படுத்துங்கள்.

தனிமைக்குப் பழக்குவதுதான் கடினம். தோட்டத்தில் ஓடித் திரிந்த நாயைத் திடீரென்று இரண்டு அறைக்குள் பூட்டினால் அது ஓயாமல் குரைக்கும். அதனால் இங்கிருக்கும்போதே தொடங்க வேண்டும். முதல் நாள் ஓர் அறையில் ஐந்து நிமிடம் தனியே விடுங்கள். அது அமைதியாக இருந்தால் மறுநாள் பத்து நிமிடம். இப்படி மெல்ல மெல்ல நீட்டிப் பல வாரங்களில் சில மணி நேரத்துக்குக் கொண்டுவரலாம். லாரிக்குச் சொல்லிவிட்டு ஆரம்பித்தால் நேரம் போதாது.